ஆச்சி ஜாஸ் கேட்கிறாள்

ஜனவரி 3

முந்திரிக்கொத்து உருட்டிப் பொரித்துத் தூக்குவாளியில் அடுக்கியாயிற்று. மருமகள் சுகிர்தா அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, "சென்னையில இல்லாத பலகாரமா அத்தை?" என்றாள். இருக்கலாம். இந்த ரத்தினபாய் கையால் உருட்டியது இருக்காது.

நாளைச் சாயங்காலம் வண்டி. என் பேத்தி எமிமா சென்னையில் ஒரு மேடையில் டிரம்பெட் வாசிக்கிறாள். எங்களை வரச்சொல்லி அவளே டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறாள். பாளையங்கோட்டையில் எங்கள் சபை பேண்டில் முதன்முதல் ஊதிய பெண்பிள்ளை அவள்தான். பெண்பிள்ளை கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவதா என்று கமிட்டியில் சிலபேர் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். அவர்கள் உட்கார்ந்தார்கள், நான் உட்காரவில்லை.

என் மகன் தங்கதுரை இறந்தபோது அவள் கைக்குழந்தை. சுகிர்தா பள்ளிக்கூட வேலைக்குப் போவாள், வளர்த்தது நான். இதை எழுதி வைக்க வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும்.

இப்போது அவள் வாசிப்பது ஜாஸ் என்று ஒரு தினுசு. எங்கள் வீட்டு மாலை ஜெபப் பாட்டையும் அதில் வாசிக்கப் போகிறாளாம். என் மாமனார் கட்டிய பாட்டு. சபையில் எல்லோரும் பாடுகிறார்கள்தான், ஆனாலும் எங்கள் வீட்டுப் பாட்டு.

ஜனவரி 7

நேற்றுக் காலை ஊர் திரும்பினோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் சுகிர்தா வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

சின்ன அரங்கம். எங்களுக்கு முன்வரிசை. எமிமா தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். பியானோவில் ஒருவன், டிரம்மில் ஒருவன், ஆள் உயர வயலினை நிறுத்தி வைத்து விரலால் சுண்டுகிறவன் ஒருவன். நடுவில் என் பிள்ளை.

நம் பாட்டை எடுத்தாள். முதல் சுற்று அச்சாக வந்தது. இரண்டாம் சுற்றில் பிசகினாள். வரியை விட்டாள். எங்கோ ஏறினாள், எங்கோ இறங்கினாள். பிறகு குழலை வாயில் வைத்தபடி ஒன்றும் ஊதாமல் அப்படியே நின்றாள். பிள்ளை மறந்துவிட்டாள் என்று தெரிந்துபோயிற்று.

கிறிஸ்மஸ் ஆராதனையில் எத்தனை பிள்ளைகள் பாதிப் பாட்டில் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்போது முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்க வேண்டும். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடும். நாங்கள் வளர்ந்த விதம் அது. சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் என்ன டிக்கெட் வாங்கி வந்த ஜனமா?

எடுத்துக் கொடுத்தேன். எழுந்து நின்று, நல்ல சத்தமாக. அவள் பிடிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து கொடுத்தேன்.

சிரித்தார்கள். பின்னால் யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பியானோக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு எனக்குப் பக்கவாத்தியம் வாசிக்க ஆரம்பித்தான். எமிமா குழலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு திரைக்குப் பின்னால் போனாள். திரும்ப வரவில்லை.

தூக்குவாளியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தோம். ராத்திரி அவள் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். வேலை இருந்திருக்கும்.

வண்டியில் சுகிர்தா எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். நான் செய்ததில் என்ன தப்பு?

ஜனவரி 8

எமிமா போனை எடுக்கவில்லை. சார்ஜ் இல்லாமல் இருக்கும்.

ஜனவரி 19

சுகிர்தாவிடம் பேசுகிறாளாம். நான் போனை வாங்கினால் மட்டும் "பெறவு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாள். இன்னொரு செய்தியும் இன்றைக்குத்தான் என் காதுக்கு வந்தது. நெதர்லாந்தில் இந்த ஜாஸைச் சொல்லிக் கொடுக்கிற காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. ஜூலையில் போகிறாள். அதைச் சொல்லத்தான் எங்களைச் சென்னைக்கு வரச் சொன்னாளாம்.

மாடியில் குடியிருக்கிற அருமைராஜ் தம்பி பேங்கில் வேலை பார்க்கிறார். கல்யாணம் ஆகவில்லை, பாட்டுப் பெட்டி மட்டும் பெரிதாக வைத்திருக்கிறார். மொட்டை மாடியில் வற்றல் காயப்போடப் போனவளை நிறுத்தி, "ஆச்சி, உங்க வீடியோவப் பாத்தேன்" என்றார்.

"எந்த வீடியோ?"

"ஊரே பாத்திருக்கு ஆச்சி."

போனைக் காட்டினார். நான் நிற்கிறேன், சேலை நன்றாகத்தான் இருந்தது. "பாத்தீங்களா தம்பி, இங்கதான் பிள்ளை ஊதாம நிக்கா. மறந்துட்டா" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "நிக்கலியே ஆச்சி. உச்சத்துல ஒரே சுரத்த மெல்லிசாப் பிடிச்சுட்டே இருக்கா. கேக்கலியா?"

திரும்பப் போட்டார். ஒன்றுமில்லை. அந்தப் போனில் கோளாறு இருக்கிறது.

"அவ மறக்கவும் இல்ல. வேணும்னுதான் பாட்ட விட்டுப் போறா. ஜாஸ்னா அதான்."

வேண்டுமென்று யாராவது மாமனார் பாட்டை விடுவார்களா? வற்றலைப் பரப்பிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 2

இன்று நானே மாடிக்குப் போனேன். மின்சார ரீடிங் பார்க்கப் போனதாகச் சொன்னேன். போனது போனதுதான், கொஞ்சம் பாட்டும் போடச் சொன்னேன்.

வ.உ.சி. மைதானத்துப் பக்கம் பஸ்ஸெல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தது போல இருந்தது.

"பாட்டு முதல்ல ஒருதரம் நேரா வரும் ஆச்சி. அத மனசுல பிடிச்சுக்கிடுங்க. அதுக்குப் பெறவு வாசிக்கவன் எங்க வேணாலும் போவான். நீங்க உள்ளுக்குள்ள பாட்ட ஓட்டிக்கிட்டே இருக்கணும். அப்பதான் அவன் எவ்வளவு தூரம் போயிருக்கான்னு தெரியும். கண்ண மூடிக்கிடுங்க. வாயத் திறக்கக் கூடாது."

வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜூலைக்குள் இதைப் பிடித்துவிட வேண்டும். அவள் வரும்போது, "ஆச்சிக்கு எல்லாம் தெரியும், வாசிட்டி" என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

பிப்ரவரி 11

இட்லி மாவு புளித்துவிட்டது. மூன்றாம் முறை கேட்டும், மாடியில் தம்பி போடுகிற கறுப்பரின் சாக்ஸபோன் பிடிபடவில்லை.

பிப்ரவரி 20

பிடிபட்டது! பாட்டுப் பெட்டியில் அல்ல, பெண்கள் ஐக்கிய சங்கத்தில்.

இன்று ஜெபக்கூட்டம். முதலில் புத்தகத்தில் இருக்கிற ஜெபத்தை எல்லோரும் ஒன்றாக வாசித்தோம். பிறகு சொந்த ஜெபம். ஒவ்வொருவராக எடுத்தார்கள். லில்லிபாய் எடுத்தாள். நாட்டுக்காக ஆரம்பித்தவள் மகளின் பிரசவத்துக்குப் போய், அங்கிருந்து பக்கத்து வீட்டு மாமரத்துச் சண்டைக்குப் போய்விட்டாள். நாங்கள் "ஆமென்", "ஆம் ஆண்டவரே" என்று கீழே சொல்லிக்கொண்டே இருந்தோம். கூட்டம் எதற்காக என்பது எல்லோர் மனதிலும் இருந்தது. கடைசியில் அவளும் அங்கேதான் வந்து சேர்ந்தாள்.

அந்த நேரம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. புத்தக ஜெபம்தான் முதல் சுற்று. சொந்த ஜெபம்தான் அதற்கப்புறம் வருவது. டிரம்மும் பியானோவும் ஆமென் சொல்கிறவர்கள்.

நடுவில் லில்லிபாய் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆண்டவரோடு பேசிக்கொண்டிருக்கிறவளுக்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

இதற்கு மேல் இன்றைக்கு எழுத வேண்டாம்.

மார்ச் 5

பருப்பு அடிப்பிடித்துக் குக்கர் கருகிவிட்டது. விசில் வரவே இல்லை. சுகிர்தா பின்கட்டிலிருந்து ஓடிவந்து, "வந்துக்கிட்டே இருக்கே அத்தை!" என்கிறாள். புது விசில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது செய்கிற சாமான் எதுவும் உருப்படியில்லை.

மாடிப்பாடம் நன்றாகப் போகிறது. போன மாதம் ஹாரனாகக் கேட்டதெல்லாம் இப்போது அங்கங்கே துண்டுதுண்டாகத் தெறிக்கிறது. ஒரு சுரம் இங்கே, ஒரு சுரம் அங்கே. நடுவில் வெறும் இடம். அந்த வெறும் இடத்தில் நான் பாட்டை ஓட்டிக்கொள்கிறேன். தம்பியிடம் சொன்னேன். "அவ்வளவு வெறும் இடமா இருக்கு ஆச்சி?" என்றார். அவருக்கு இன்னும் அந்த அளவுக்குக் காது வரவில்லை போலிருக்கிறது.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

இன்று ஆராதனையில் ஆர்கன் அபாரம். பவனிப் பாட்டை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிட்டார் தேவகிருபை ஐயா. எங்கெங்கோ போனார். சபையார் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கியது.

வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னா தூரம் போயிட்டு வந்துட்டீங்க! எங்க எமிமா கேட்டிருக்கணும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "புஸ்தகத்துல உள்ளதத்தான்மா வாசிச்சேன். ஒரு புள்ளி மாறல. எங்க தப்பு வந்துச்சு, சொல்லுங்க."

தன்னடக்கம். வித்தை உள்ளவர்களுக்கு அது இருக்கும்.

சுகிர்தா குருத்தோலையைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 16

காதில் அழுக்கு சேர்ந்திருக்கும், எடுத்துவிட்டு வரலாம் என்று சுகிர்தா கூட்டிப் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் சும்மாவே உட்காரவைத்திருந்தார்கள்.

டாக்டர் மீசை முளைக்காதது போல ஒரு பையன். என் பக்கம் திரும்பாமல் சுகிர்தாவிடமே வாயசைத்துக்கொண்டிருந்தான். ஆட்டோவில் அவளை விடவில்லை. என்ன சொன்னான், ஒளிக்காமல் சொல் என்றேன். அவள் என் காதோடு கத்தினாள். ஆட்டோக்காரரும் கேட்டுக்கொண்டார்.

நரம்பு செத்துக்கொண்டு வருகிறதாம். அழுக்கு இல்லையாம். மிஷின் வைத்தால் சத்தம் பெரிதாகும், தெளிவு வராது. பேச்சு கொஞ்சம் பிடிபடலாம், பாட்டு உடைந்துதான் கேட்கும். போனது திரும்பாது, இருப்பதும் நிற்காது.

"எமிமாட்ட சொல்லிரலாமா அத்தை? கேட்டா ஓடி வந்துருவா."

"மூச்சுக்காட்டக் கூடாது."

"என்னத்துக்கு இந்த வீம்பு?"

"பாவம் பாத்துப் பேசுவா. எனக்கு அந்தப் பேச்சு வேண்டாம்."

பைபிளின் மேல் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். அவள் அழுதுகொண்டே வைத்தாள்.

டாக்டர் சொன்னால் சொல்லட்டும். பாட்டு உடைந்து கேட்குமாம். ஜாஸ் உடைந்துதானே கேட்கும்? அவனுக்கு என்ன தெரியும்.

ஏப்ரல் 27

மிஷின் வந்தது. தண்ணீர் ஊற்றினால் கல் கொட்டுகிறது. சுகிர்தா நைட்டி உரசினால் புயல். கழற்றி மேசை டிராயரில் வைத்துவிட்டேன். கூட்டத்துக்குப் போகும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

மே 10

மாடியில் இன்று ஒரு புது டிரம்பெட்காரன். ஆரம்பத்திலேயே பாட்டைக் காணோம், ஒரே அலைச்சல். கண்ணை மூடி உள்ளே போய்விட்டேன். தலையாட்டி, கடைசியில் கையும் தட்டினேன். ஒருவர் தன் முறையை முடித்ததும் பாட்டு நடுவிலேயே தட்டலாம் என்று தம்பிதான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

கண்ணைத் திறந்தால் அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். என் காதருகே வாயை வைத்து, "ஆச்சி, இது சிமெண்ட் விளம்பரம்" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் போனை அணைத்துவிட்டு எழுந்தார். காப்பி போட்டுக் கொடுத்தார். சீனி அதிகம்.

மே 24

மாடிக்குப் போகவில்லை. முழங்கால் வலி.

ஜூன் 3

அருமைராஜ் தம்பி என்னைக் கேட்காமல் எமிமாவுக்குப் போன் பண்ணியிருக்கிறார். காதைப் பற்றி வாயைத் திறக்கவில்லையாம், சுகிர்தா அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். "ஆச்சி பிப்ரவரியில இருந்து ஜாஸ் கேக்காங்க" என்று மட்டும் சொன்னாராம். அவள் முதலில் நம்பவில்லையாம். சொந்த ஜெபம், ஆமென் எல்லாம் சொன்னதும் சிரித்தாளாம்.

சாயங்காலம் எமிமா என்னைக் கூப்பிட்டாள். ஜனவரிக்கு அப்புறம் இன்றுதான். மிஷினை எடுத்துவர நேரமில்லை. போனில் வெயிலில் தகரம் அதிர்வது போல ஒரு சத்தம். அது என் பிள்ளை. நான் "ம்" என்றேன். "ஆமா" என்றேன். சிரிக்கிற இடம் போலத் தெரிந்த இடத்தில் சிரித்தேன். சுகிர்தா வாங்கிப் பேசிவிட்டு எனக்குச் சொன்னாள்: விமானத்துக்கு முந்தி ஊருக்கு வருகிறாள். எனக்கென்று வீட்டில் வாசித்துக் காட்டப் போகிறாள்.

என் துணிகளையெல்லாம் எடுத்து மடித்து வைத்தேன். ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

ஜூலை 11

எமிமா வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு கழுத்தில் முகத்தை வைத்து என்னமோ சொன்னாள், கழுத்தில் சூடாக இருந்தது. "சரிட்டி, சரிட்டி" என்றேன். சாப்பிடும்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி பிடித்துவிட்டேன். மிஷின் டிராயரில்தான் இருந்தது. சுகிர்தா கண்ணைக் காட்டினாள், நான் கண்டுகொள்ளவில்லை.

மத்தியானம் முன்னறையில் நாற்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்தாள். அருமைராஜ் தம்பியும் இறங்கி வந்தார். குழலைத் துடைத்து உதட்டில் வைக்குமுன் ஆள்காட்டி விரலால் என்னைக் காட்டி, "நம்ம பாட்டு" என்றாள். அது தெளிவாகப் புரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டை உள்ளே ஓட்டத் தொடங்கினேன். வாயைத் திறக்கவில்லை.

முதல் சுற்றே இல்லை. எடுத்த உடனேயே போய்விட்டாள். ஒரு சுரம் கரகரவென்று வந்தது, அடுத்தது வரவில்லை, பிறகு வேறெங்கோ ஒன்று முட்டியது. வெறும் இடம். மறுபடி ஒரு கீறல். இதுவரை மாடியில் கேட்ட எவரும் இவ்வளவு தூரம் போனதில்லை. நான் விடவில்லை. மாமனார் பாட்டை வரிவரியாகப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். எங்கே இறங்குவாள், எங்கே திரும்புவாள் என்று காத்திருந்தேன். கடைசி வரியில் ஒரு சுரம், ஒரே ஒரு சுரம், நான் உள்ளே பாடியதோடு சேர்ந்தது போல இருந்தது.

கண்ணைத் திறந்து கைதட்டினேன். எனக்குக் கண் நிறைந்திருந்தது. இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்ததைச் சொன்னேன்.

"எம்மாடி, என்னா தூரம் போயிட்ட! ஒரு வரிகூடப் பாட்டுல நிக்கல. ஆனாலும் நான் உன்னத் தொலைக்கல. கடைசி வரைக்கும் கூடவே வந்தேன்."

எமிமா குழலை இறக்கவில்லை. வாயிலிருந்து எடுத்து அப்படியே பிடித்தபடி தன் அம்மாவைப் பார்த்தாள். அருமைராஜ் தம்பி எழுந்து மாடிக்குப் போய்விட்டார். சுகிர்தா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் சொன்னது போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் கைதட்டினேன்.

ஜூலை 12

காலையில் அடுக்களையில் சுகிர்தாவைப் பிடித்தேன். நேற்று என்ன நடந்தது என்றேன். தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள். திருவலகை என் காலால் மிதித்து நிறுத்தினேன். பிறகுதான் கத்தினாள், தெருவுக்கே கேட்டிருக்கும்.

"பாட்ட நேராத்தான் வாசிச்சா அத்தை! முதல்ல இருந்து கடைசி வரைக்கும், உங்க மாமனார் கட்டுன மாதிரியே! ஒரு இடத்துலயும் விலகல! உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வாசிக்கணும்னு சென்னையில இருந்தே சொல்லிட்டு வந்தா!"

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைத்தேன்.

சுகிர்தா சத்தியத்தை உடைத்து அவளிடம் சொல்லிவிட்டாளா என்று கேட்டேன். சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை என்றாள்.

ஜூலை 13

எமிமா என்னிடம் ரொம்ப அன்பாக இருக்கிறாள். என் முன்னால் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசுகிறாள். சா. பிட். டீங். களா. என் தோளைத் தொட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறாள். சண்டை இல்லை, கேள்வி இல்லை. சென்னையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலைமுடியை ஏன் இப்படி வெட்டினாய் என்று வேண்டுமென்றே திட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு கன்னத்தைத் தடவிவிட்டாள். முன்னெல்லாம் ஒன்றுக்கு ஒன்பது சொல்லுவாள்.

டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். இங்கிருக்கும்வரை எடுக்கவில்லை.

ஜூலை 15

இன்று வண்டி ஏற்றிவிட்டு வந்தோம். சென்னைக்கு யாரும் வர வேண்டாம், விமான நிலையத்தில் அழுவீர்கள் என்று சொல்லிவிட்டாள். திருநெல்வேலி ஜங்ஷனில் நல்ல கூட்டம். மிஷினைப் போட்டுக்கொண்டுதான் போனேன், இனி யாரிடம் ஒளிக்க? கூலி, டீ, எஞ்சின், அறிவிப்பு எல்லாம் ஒரே மூட்டையாக என் தலையில் விழுந்தது. கழற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

சுகிர்தா தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். அப்போது எமிமா ஜன்னல் கம்பி வழியாக என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பேச ஆரம்பித்தாள். வாயைத் திறந்து திறந்து அல்ல. முன்பு பேசுவாளே அதுபோல, வேகமாக, மூக்கைச் சுருக்கி, நடுவில் கோபப்பட்டு, நடுவில் சிரித்து. கண்ணீர் வந்தது, துடைக்காமல் பேசினாள். ஒரு கையை விடுவித்து என்னைக் காட்டினாள், தன்னைக் காட்டினாள். நீளமாகப் பேசினாள். உதடு ஓடிய ஓட்டத்தில் ஒரு சொல்லும் என்னால் பிடிக்க முடியவில்லை. நிறுத்து, மெதுவாகச் சொல் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி சா. பிட். டீங். களா. ஆகிவிடும். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

வண்டி நகர்ந்தது. அவள் கடைசியாக ஏதோ கேட்டாள். கேள்விதான், புருவம் ஏறியிருந்தது. நான் "ஆமா" என்றேன். அவள் முகம் எப்படி ஆனது என்று பார்ப்பதற்குள் பெட்டி போய்விட்டது.

சுகிர்தா பாட்டிலோடு ஓடிவந்து நின்றாள். கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, என் காதில் வாயை வைத்து, "என்ன சொன்னா அத்தை?" என்று கேட்டாள்.

"அங்க குளிராம். கம்பளிக் காலுறை வாங்கணும்னு சொன்னா."

"அதையா இவ்வளவு நேரம் சொன்னா?"

ஆமா என்றேன்.